கையெழுத்துக்கு முன் கட்டடத்தைப் பாருங்கள்



இந்தப் பட்டமளிப்பு விழா முடிந்ததும் உங்களில் பாதிப் பேர் டெல்லியின் சரோஜினி நகர் சந்தைக்குள் நுழைவீர்கள். கடைக்காரர் சட்டைக்கு 500 என்பார். நீங்கள் 200-ல் தொடங்குவீர்கள். உங்கள் காசு, பேசுகிறீர்கள். போரில் இடிந்த நாட்டைக் கட்டும்போதோ பேரம் பேச ஆளே இருப்பதில்லை.

ஆப்கானிஸ்தான் புனரமைப்புக்கு அமெரிக்கா இருபது ஆண்டுகளில் ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர். அதில் 6,300 கோடியை ஆராய்ந்த அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே, ஏறத்தாழ 1,900 கோடி வீணடிப்பிலும் மோசடியிலும் முறைகேட்டிலும் போனது என்று 2020-ல் சொன்னது. ஆப்கான் விமானப்படைக்கென ஜி222 சரக்கு விமானங்களுக்குச் செலவிட்டது 54.9 கோடி டாலர். அவற்றில் 16 விமானங்கள் பழைய இரும்பாக விலைபோயின. கிடைத்தது சுமார் 40,000 டாலர்!

நமக்கு நெருங்கிய கதை இலங்கையின் வன்னியில் இருக்கிறது. 2009-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், அங்கே 50,000 வீடுகள் கட்டித்தர இந்தியா முன்வந்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். பிறகு, 2012-லிருந்து, வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளைக் குடும்பங்களே கட்டிக்கொண்டன. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்குத் தவணை தவணையாக வந்தது. அத்திவாரம் போட்டாயிற்றா என்று பார்த்தபின் அடுத்த தவணை. சுவர் எழும்பியதும் இன்னொன்று. சீமெந்து குறைந்தால் முதலில் சண்டைக்கு வருபவர் அந்தக் கூரைக்குக் கீழே படுக்கப்போகிறவர். அவரைவிட நல்ல தணிக்கையாளரை எந்த அமைச்சகமும் நியமித்ததில்லை.

குறையும் உண்டு. மணலும் கூலியும் ஏற, அந்தப் பணம் போதவில்லை. நகையை அடகு வைத்து, கடன் வாங்கிக் கூரை போட்ட குடும்பங்கள் பல. சிக்கனத்தின் சுமையை ஏழை தலையில் ஏற்றிவிட்டு நேர்மையைப் பாராட்டிக்கொள்வது எனக்கு உவப்பில்லை.

அடுத்து வந்த திட்டம், குடும்பங்களே கட்டிக்கொண்ட அந்த முறைக்கு நேர்மாறு. கொழும்பு அரசு 65,000 எஃகுப் பொருத்து வீடுகளுக்கு ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வீடு சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். தொலைக்காட்சிப் பெட்டியும் சேர்த்தி. அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரனும் உள்ளூர்ப் பொறியாளர்களும் எதிர்த்தார்கள். வடக்கு வெயிலில் எஃகுச் சுவருக்குள் யார் இருப்பது என்ற கேள்வியும் எழுந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. லஞ்சம் என்று நான் குற்றம் சாட்டவில்லை. குடியிருக்கப்போகிறவரைக் கேட்காமல் போட்ட கணக்கு அது, அவ்வளவுதான்.

உங்களில் சிலர் கணக்காயர் ஆவீர்கள், சிலர் பொதுப்பணித் துறைக்குப் போவீர்கள். நாளைக்கே ஒரு பில் உங்கள் மேசைக்கு வரும். "சார், எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். இடத்துக்குப் போங்கள், டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள், அந்த வீட்டுக்கு வரப்போகும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.