கம்பியும் காற்றும்

இணைய வசதியுள்ள இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு முறைப்பாடு எழுகின்றது. கம்பி பூட்டிய கணினியிலே விரைந்து வரும் இணையம், உள்ளறையிலிருக்கும் கைத்தொலைபேசியிலே தள்ளாடுகின்றது. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளையின் பாடம் பாதியில் நிற்கின்றது; கடல் கடந்து வாழும் மகனின் முகம் பேச்சின் நடுவே உறைந்துபோகின்றது. கூடிய கட்டணத் திட்டத்துக்கு மாறினாற் குறை தீருமென்று வீட்டார் எண்ணுகின்றனர். பணம் கூடுகின்றது, வேகம் கூடுவதில்லை. நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்றால் குணம் எவ்வாறு கிட்டும்?

காரணத்தை முதலில் நோக்குதல் வேண்டும். கம்பி இணைப்பிலே ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை உண்டு. ஒரே வேளையில் அனுப்பவும் பெறவும் அதனால் இயலும். வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைப்போ பொதுவெளியைப் பகிர்ந்துகொள்வது. ஓர் அலைவரிசையில் ஒரு கருவி பேசுங்கால், ஏனையவை பெரும்பாலும் காத்திருத்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் இயக்கிய அலோகா வலையமைப்பிலும் இவ்விடர் இருந்தது. இரு நிலையங்கள் ஒருங்கே பேசின் இரண்டின் செய்தியும் சிதைந்தன. மீண்டும் அனுப்ப நேர்ந்தது. இன்றைய வைஃபை பேசுமுன் செவிமடுக்கின்றது. எனினும், அயல்வீட்டு ரவுட்டரும் அதே அலைவரிசையிற் பேசினாற் காத்திருப்பு நீளும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் வெளியில் இந்நெருக்கம் அதிகம்; நுண்ணலை அடுப்பும் அவ்வெளியிலேயே இயங்குவது. 5 கிகாஹேர்ட்ஸ் வெளியில் இடமும் உண்டு, வேகமும் உண்டு. ஆயின் கொங்கிறீற்றுச் சுவரைக் கடக்கையில் அது விரைந்து மெலியும்.

ஆதலின் சோதனைக்கு ஓர் ஒழுங்கு தேவை. முதலிற் கணினியைக் கம்பியால் ரவுட்டருடன் இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். அங்கேயும் வேகம் குன்றியிருப்பின், சேவை வழங்குவோரிடம் முறையிடுதலே தகும். கம்பியில் வேகம் நிறைந்திருப்பின், அதே கணினியைக் கம்பியின்றி ரவுட்டரின் அருகிலும், பின்னர் உள்ளறையிலும் வைத்து அளக்கலாம். அருகில் விரைவும் உள்ளறையில் தளர்வும் காணப்படின், குற்றம் சுவருடையது. அருகிலும் தளர்வேயெனின், அலைவரிசை நெருக்கமோ கருவியின் முதுமையோ காரணமாகலாம்.

பரிகாரங்களுட் பல செலவற்றவை. அலுமாரிக்குள்ளும் தொலைக்காட்சியின் பின்னும் ஒளிந்திருக்கும் ரவுட்டரை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வைத்தல் நன்று. அருகிலுள்ள கருவிகளை 5 கிகாஹேர்ட்ஸ் வெளிக்கு மாற்றலாம். 2.4 வெளியிலேயே இருப்பவை, ஒன்றோடொன்று கலவாத 1, 6, 11 ஆகிய வரிசைகளுள் நெருக்கம் குறைந்ததைத் தெரிந்துகொள்ளலாம். இடம்பெயராத தொலைக்காட்சிக்கும் மேசைக் கணினிக்கும் கம்பியே பொருந்தும். அவை கம்பிக்குச் சென்றபின், கைத்தொலைபேசிகளுக்குக் காற்றிலே இடம் கிடைக்கும்.

பெரிய திட்டத்துக்குப் பணங் கட்டுமுன், சில அடி நீளக் கம்பியொன்றால் அரைமணி நேரம் சோதித்துப் பார்ப்பது வீட்டாருக்கு இலாபமே.