சீட்டு விழுந்தவரின் ஆட்சி: பண்டைய ஏதென்ஸ்

பண்டைய ஏதென்ஸில் பெரும்பாலான அரசுப் பதவிகளுக்குக் குலுக்கல் முறையிலேயே ஆள் எடுத்தார்கள். குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்பது அன்றைய கருத்து. அரிஸ்டாட்டிலும் இதைக் குறிக்கிறார். காரணம் எளிது. தேர்தல் என்று வந்தால் பெயர்பெற்ற குடும்பத்தாரும் செல்வரும் முந்திக்கொள்வார்கள். முக்கியமான விலக்கு போர்த்துறை. 10 படைத்தலைவர்களை மக்கள் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்தனர். ஒருவரே திரும்பத் திரும்ப வரலாம். அரசியல் தலைவர் பெரிக்ளீஸ் தொடர்ந்து 15 ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது இந்தப் பதவியால்தான்.

இந்த மக்களாட்சி அமைப்புக்கு அடித்தளம் இட்டவர் கிளைஸ்தனீஸ். கி.மு. 508-இல் அவர் பழைய 4 குலங்களின் அரசியல் பிடியைத் தளர்த்தி, குடிமக்களை 10 புதிய பிரிவுகளாக்கினார். ஒவ்வொரு பிரிவிலும் நகரத்தார், கடற்கரையார், உள்நாட்டார் மூவரும் கலந்திருந்தனர். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆட்சிக்குழு ஆண்டுதோறும் அமைந்தது. அதில் ஒருவர் வாழ்நாளில் இரு முறைக்கு மேல் இருக்க முடியாது. ஆண்டில் பத்தில் ஒரு பங்கு காலம் ஒவ்வொரு பிரிவின் 50 பேரும் முறைவைத்து அலுவல் பார்த்தனர். அவர்களுள் ஒருவர், அதுவும் சீட்டு விழுந்தவர், ஒரு பகலும் ஓர் இரவும் தலைவர். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அன்று அவர் கையில். ஒரு சாதாரண உழவருக்கும் இந்த நாள் வாய்க்கலாம்.

குலுக்கலின் நுட்பம் முழுமையாகத் தெரிவது நீதிமன்றத்தில்தான். ஆண்டுக்கு 6000 பேர் நடுவர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் பொறித்த அடையாளத் தகடு உண்டு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் காலையில் அந்தத் தகடுகளை ஒரு கற்பலகையின் துளைகளில் வரிசையாகச் செருகுவார்கள். பலகையின் பக்கத்துக் குழாயிலிருந்து வெள்ளை அல்லது கறுப்புக் காய் விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அன்று நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எந்த வழக்குமன்றத்துக்கு யார் என்பதையும் மறுபடி சீட்டே முடிவு செய்தது. இத்தகைய பலகையின் துண்டுகள் அகோரா என்ற ஏதென்ஸ் சந்தைவெளியில் கிடைத்துள்ளன. யார் விசாரிப்பார் என்று விடியும்வரை எவருக்கும் தெரியாதபோது யாருக்குக் கையூட்டுக் கொடுப்பது? இதைவிட நேர்த்தியான தடுப்பைப் பண்டைய உலகில் காண்பது அரிது.

முக்கிய வழக்குகளை 501 பேர் கேட்டனர். பேசும் நேரத்தை நீர்க்கடிகாரம் அளந்தது. வாக்களிக்க ஒவ்வொருவருக்கும் இரண்டு வெண்கல வட்டுகள்: ஒன்றின் நடு அச்சு துளையுள்ளது, அது வழக்குத் தொடுத்தவருக்கு, மற்றது கெட்டியானது, எதிர்த்தரப்புக்கு. அச்சின் முனைகளை விரலால் மூடிப் பிடித்துப் போட்டதால் பக்கத்தில் நிற்பவருக்கும் வாக்கு தெரியாது. நாளொன்றுக்கு 3 ஓபல் நாணயம் படியாகக் கிடைத்ததால் ஏழையும் முதியவரும் வந்து அமர முடிந்தது.

ஆனால் இந்தச் சமத்துவத்துக்குச் சுவர் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. பெண்களுக்கு வாக்கில்லை. தலைமுறைகளாகக் குடியிருந்த அயலாருக்கும் இல்லை. கி.மு. 451-இல் வந்த சட்டம் தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராக இருந்தால்தான் குடியுரிமை என்றது. லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் உழைத்த அடிமைகளுக்கும் வாக்கில்லை.

கி.மு. 322-இல் மாசிடோனியரிடம் ஏதென்ஸ் தோற்றது. வென்ற ஆன்டிபேட்டர் 2000 திராக்மா சொத்து உள்ளவர்க்கே அரசியல் உரிமை என்று விதித்தார். ஏழைக் குடிமக்கள் ஆட்சியிலிருந்து விலக்கப்பட்டனர்.