தொலைந்த பர்ஸும் வராத இமெயிலும்

"எந்த நாட்டுக்காரங்க ரொம்ப நேர்மையானவங்க?"ன்னு ஒரு ரேங்க் லிஸ்ட் நெட்டில் சுத்திக்கிட்டே இருக்கும். சுவிட்சர்லாந்து, நார்வே எல்லாம் உச்சியில; சீனா அடியில. "பாத்தியா, அவங்களே அப்படித்தான்"னு கமென்ட் போட அது போதும். அந்த லிஸ்ட் எப்படி வந்ததுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். ஹோட்டல், பேங்க் மாதிரி இடங்களின் கவுன்டருக்கு ஒருத்தர் போவார். "இது வெளியில கிடந்துச்சு, எனக்கு அவசரம், நீங்க பாத்துக்கோங்க"ன்னு பர்ஸைக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவார். உள்ளே ஒரு சாவி, மளிகை லிஸ்ட், இமெயில் முகவரியோட விசிட்டிங் கார்டு. சில பர்ஸில் பணமும் இருக்கும். வாங்கினவர் அந்த முகவரிக்கு இமெயில் போட்டாரா, இல்லையா? இதுதான் நேர்மையின் அளவுகோல்.

எல்லா நாட்டுக்கும் ஒரே சோதனை, நியாயமாத்தானே தெரியுது? ஆனா சீனாவில் பேச்சுவார்த்தை பெரும்பாலும் வீசாட்டில்தான். இமெயில் அவ்வளவா புழங்காது. பர்ஸைப் பத்திரமா எடுத்து வெச்சு, தொலைச்சவர் தேடி வருவார்னு காத்திருக்கறதும் நேர்மைதான். அது கணக்கிலேயே வரலை.

2023-ல் சீனாவில் இதே சோதனையை விரிவாக்கிச் செஞ்சாங்க. இமெயிலோட, பர்ஸ் திரும்பக் கிடைச்சதாங்கறதையும் பார்த்தாங்க. இமெயில் பழையபடி குறைவுதான். ஆனா பர்ஸ்கள் அதைவிட ரொம்ப அதிகமாத் திரும்பக் கிடைச்சுது.

சரி, சீனாவுக்கு மட்டும் வீசாட் நம்பர் கொடுத்துப் பார்க்கலாமா? அப்போ சோதனையே வேற ஆயிடும். நார்வேயோட எப்படி ஒப்பிடறது? ஒரே கேள்வியை வெச்சா ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுது. அர்த்தத்தைச் சரிக்கட்டினா கேள்வி மாறிடுது. சமூகவியலில் ஒப்பீடு கஷ்டமாகறது இங்கதான்.

அதுக்காக ஒப்பிடவே முடியாதுன்னு இல்லை. பணம் இருந்த பர்ஸுக்குத்தான் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் அதிக இமெயில் வந்தது. இது ஒரே நாட்டுக்குள்ள செய்த ஒப்பீடு. இமெயில் பழக்கம் இருந்தாலும் இல்லைன்னாலும் ரெண்டு வகை பர்ஸுக்கும் அது ஒண்ணுதான். அதனால இந்த முடிவு தாங்குது. ரேங்க் லிஸ்ட்தான் ஆட்டம் காணுது.

அடுத்த தடவை இப்படி ஒரு லிஸ்ட் வந்தா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தேடிப் பாருங்க: இவங்க உண்மையில எண்ணினது எதை? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.