கடல் கடப்போர்க்குக் காவல்



நம் முன்னோரைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்தே இலங்கைக்கும் மலாயாவுக்கும் அழைத்துச் சென்றனர். அக்கடனே அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. இன்று பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள்முன் கங்காணியின் இடத்தில் போலி முகவர் நிற்கிறார்.

இத்தகையோரைத் தடுக்கவே 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி இயங்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவற்றுக்கு வேலைக்குச் செல்ல அவ்வலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் ஆராய்ந்த பின்னரே அனுமதி கிடைக்கும். இதனைத் தடையென்று எண்ணிச் சிலர் சுற்றுலா விசாவில் பறந்துவிடுகின்றனர். ஊதியம் மறுக்கப்படும் நாளில் அவர்கள் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இராது.

பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு அவ்வனுமதி தேவையில்லை. ஆயின், அரசின் சோதனை நீங்கியவர் தமக்குத் தாமே காவலாக வேண்டும். முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு, ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபார்ப்போம். வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் கேட்பாராயின் மறுப்போம். வாசித்த பின்னரே கையொப்பமிடுவோம். கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகளாகிய நாம் கற்றது இதற்காகவே.