'இன்ட்ராமியூரல்' என்றொரு சொல்



போன மாதம் பூன் லேயில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், இரவு ஷிப்டு முடிந்து வந்த ஒரு தகப்பனார் என்னை நிறுத்தினார். மகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழை நீட்டி, "அண்ணே, இதில 'இன்ட்ராமியூரல்'னு போட்டிருக்கே, அப்படின்னா ரெண்டாந்தரமா? லீவு போட்டுப் பரிசளிப்புக்கு வரணுமா?" என்று கேட்டார். பிள்ளை பக்கத்திலேயே நின்றாள். முகம் சுருங்கிவிட்டது.

அந்தச் சொல்லில் ரெண்டாந்தரம் எதுவும் கிடையாது. லத்தீனில் 'இன்ட்ரா' என்றால் உள்ளே, 'மூருஸ்' என்றால் மதில். ஒரு பள்ளியின் மதிலுக்குள், அதன் பிள்ளைகளுக்குள்ளேயே நடக்கும் போட்டி, அவ்வளவுதான். பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே நடப்பது 'இன்டர்'. இந்த இரண்டையும் படித்தவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். மதிலுக்கு வெளியே என்றால் 'எக்ஸ்ட்ராமியூரல்'. பல்கலைக்கழகம் வெளியாருக்கு நடத்தும் வகுப்புக்கு அந்தப் பெயர். கேம்பிரிட்ஜ் 1873இல் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு நடத்தத் தொடங்கியதே, அந்த வகைதான்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் கர்ப்பப்பைக் கட்டிக்கு இதே சொல் வந்தால், அங்கே பொருள் கொஞ்சம் வேறு. சுவர்களுக்கு நடுவே என்பதல்ல, சுவரின் சதைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1913இலேயே இதற்கெனத் தனிப் பிரிவு வைத்தன. கல்லூரி அணியில் சேருவோர் கொஞ்சப் பேர். மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? எல்லாரும் ஆடட்டும் என்றுதான் ஏற்பாடு. நானும் பள்ளி அணியில் ஒரு நாளும் இடம் கிடைக்காதவன்தான். வகுப்புப் பந்தயம் இல்லாவிட்டால் நான் ஓடியே இருக்கமாட்டேன்.

தமிழில் அகம், புறம் என்று இரண்டு வைத்தோம். அகத்தை யாராவது புறத்துக்குக் கீழே வைத்தார்களா?

"எத்தனை பேரு ஓடினீங்கம்மா?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "முப்பத்தெட்டுப் பேர், மாமா" என்றாள். தகப்பனார் சான்றிதழைத் திரும்ப வாங்கி, மடங்காமல் பைக்குள் வைத்தார்.

ஷிப்டு மாற்றிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். கிடைத்ததோ என்னவோ, கண்ணாடி போட்டும் எனக்குப் பின்வரிசை சரியாகத் தெரியவில்லை.