கனகாம்பரம் ஏன் வாடுகிறது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



வீட்டுத் தோட்டத்தில் பூச்செடி பற்றிப் பேசச் சொன்னாங்க. ஊட்டிக்குச் சுற்றுலா போய் வந்த சிலர், அங்கே தொட்டியில் பூத்திருந்த பிரிம்ரோஸ் செடியை நம்ம வீட்டிலும் வைக்கலாமா என்று கேட்டாங்க. அது குளிர் தேசத்துச் செடி. சித்திரையில் 40 டிகிரி வெயில் அடிக்கிற ஆரணியில் அது நிலைக்காது. கனகாம்பரத்துக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும்தான் தாய்வீடு. அரை நிழலிலும் பூக்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். வாசம் கிடையாது, ஆனால் சரத்தில் சீக்கிரம் வதங்காது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15,000 பூ நிற்கும் என்றால் அதன் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்! கடையில் விலை ஏன் ஏறுகிறது என்பதும் புரியும்.

ஆனாலும் நம்மில் பலர், "கனகாம்பரம் எங்க வீட்டுக்கு ராசியில்லை" என்று விட்டுவிட்டோம். நட்டு ஆறு மாதம் நன்றாக இருக்கும். பிறகு இலை சிறுத்து வெளுக்கும், செடி குன்றும், ஒருநாள் காலையில் நின்ற வாக்கில் வாடிப்போகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அது இன்னும் கெடும்.

வாடின செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க. வேர் கறுத்து அழுகியிருக்கும், அல்லது சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அது நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத புழு. அது வேரில் போட்ட காயம் வழியாக வாடல் நோய்ப் பூஞ்சை உள்ளே போகிறது. அந்தக் குழியிலேயே மறுபடி கனகாம்பரம் வைத்தால் அதுவும் போகும். ராசி என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே மண்ணை முதலில் கவனிக்கணும். கோடையில் அந்த இடத்தைக் கொத்தி நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் இறுக்க மூடி நாலு வாரம் விடுங்க. வெயில் சூட்டில் புழு பெரும்பாலும் குறையும். பிறகு மக்கிய எருவோடு செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எருவில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போட்டால் வாடல் நோய்க்குத் தடுப்பு. ஊடே துலுக்கச் சாமந்தி நடலாம், அதன் வேர் நூற்புழுவை அடக்கும். குருணை விஷ மருந்து வேண்டவே வேண்டாம். பிள்ளைங்க விளையாடுற இடம், கோழி மேயுற இடம்.

இடமே இல்லை, வாசலில் பாவு நீட்டணும் என்கிறவர்கள் பழைய சிமெண்ட் பையில் வளர்க்கலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, எரு ஒன்று. பைக்கு அடியில் ஓட்டை அவசியம். தரையில் என்றால் வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒரு அடி.

நெசவு வீடுகளுக்கு இன்னொன்று. பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரையும், சாயத் தண்ணீரையும் செடிப்பக்கம் கொட்டாதீங்க. கார மண்ணில் கனகாம்பரத்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது மஞ்சளாகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் தண்ணீர் அங்கேயே போய்க்கொண்டிருந்தால் தெளித்துத் தெளித்து மாளாது.

பூவை ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் பறிக்கலாம். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதுக் கதிர் வரும்.

கடைசியாக நாற்று விஷயம். பக்கத்து வீட்டிலிருந்து வேர் மண்ணோடு செடி வாங்கி வருவது நம்ம வழக்கம். புழுவும் கூடவே வந்துவிடும். விதையாகவோ தண்டாகவோ வாங்குங்க. டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, அதற்குத் தண்டுதான். இரண்டு மூன்று கணு உள்ள துண்டை நிழலில் ஈர மணலில் ஊன்றி வேர் விட வையுங்கள். மற்ற ரகத்துக்கு, முற்றிக் காய்ந்த கதிரை ஒரு துணிக்குள் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். காய் பட்டென்று வெடித்து விதை துணியிலேயே விழும்.