வெள்ளை ஓடு
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் படிக்க வந்தவள் நான். இன்று ஒரு தோல்வியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சென்ற வருடம் நம் பிள்ளைகள் செய்த றோபோ, போட்டி மண்டபத்தில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு தடவையும் செம்மஞ்சள் பந்தைத் தேடிப்போன அதற்கு, அங்கே பந்து தெரியவில்லை. பிள்ளைகள் அழுதபடி வீடு திரும்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர்களோடு இருந்து காரணம் தேடினேன். கமெரா பந்தைப் பந்தாக அறியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களையே அது தரும்; அவற்றை நிறச்சாயல், செறிவு, பிரகாசம் என நிரல் மாற்றிக்கொள்ளும். நாம் கொடுத்த எல்லைக்குள் அடங்கும் புள்ளிகளை நிரல் திரட்டும். அத்திரளின் நடு, படத்தின் நடுவுக்கு இடமா வலமா என்று பார்த்துச் சில்லுகளைத் திருப்பும். அந்த எல்லைகளைப் பிள்ளைகள் எடுத்தது ஜன்னல் வெளிச்சத்தில். போட்டி நடந்ததோ மின்விளக்குகளின் கீழ். போதாததற்கு, கமெரா தானாகவே வெளிச்சத்தையும் வெண்மையையும் மாற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு உயர்தர இரசாயன வகுப்பு நினைவுக்கு வந்தது. நியமிப்பின்போது குடுவையின் கீழ் வெள்ளை ஓடு வைக்காமல் அளவியைத் திறக்க எங்கள் ரீச்சர் விடமாட்டார். அந்த மெல்லிய இளஞ்சிவப்பு வெள்ளையின் மேல்தான் தெளிவாகத் தெரியும்.

அதையே செய்தோம். கமெராவின் தானியங்கு மாற்றங்களை நிறுத்தி, வெள்ளைத் தாளைக் காட்டி வெண்மையை நிலைப்படுத்தினோம். ஆய்வுகூடம், மண்டபம், முற்றம் என மூன்று இடத்திலும் எண்களை எடுத்துக் கொப்பியில் எழுதினோம். பந்து மீண்டும் அகப்பட்டது. அமெரிக்காவின் 'ஃபெர்ஸ்ட்' றோபோப் போட்டியில் 2023 முதல் ஏப்ரில்டாக் எனும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிகளை வைக்கிறார்கள். நிறத்தை நம்பாமல் வடிவத்தைப் படிக்கும் வழி அது. அடுத்து அதையும் பழகுவோம்.

மருத்துவத்திலும் இதே பாடம் உண்டு. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, கருமையான தோலில் சிலவேளை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மறைந்திருந்த ஒட்சிசன் குறைவை அது தவறவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. கருவி பொய் சொல்வதில்லை. யாரில், எந்த வெளிச்சத்தில் அதைச் சரிபார்த்தோம் என்பதை நாம்தான் கேட்கவேண்டும்.

எங்கெங்கோ வாழும் சகோதரிகளே, விலை கூடிய றோபோ வாங்கித் தரவேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நேரிலோ திரையிலோ, இப்பிள்ளைகளோடு இருங்கள். தோற்ற பிறகு "எங்கே பிழைத்தது?" என்று கூடவிருந்து கேட்க ஒருவர் போதும். எனக்கு அப்படி ஒரு ரீச்சர் கிடைத்தார்.